ஸ்டார்ட்டர் கோடைத் துடைக்க எது சரி: கையா, கருவியா, காலித் தொடக்கமா?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மொத்த வியாபாரிக்கு பில்லிங் அப்ளிகேஷன் ஒன்றை டெமோ காட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டாக், ரசீது, மாதக் கணக்கு எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடின. பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மேலே 'வைட் பிளஸ் ரியாக்ட்' என்று போட்டிருக்கிறதே தம்பி, அது யாருடைய கம்பெனி?" பிரவுசர் டேபின் தலைப்பை மாற்ற மறந்திருக்கிறேன். பக்கத்தில் அந்த மின்னல் ஐகானும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ப்ராஜெக்டைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் தொடங்கியிருந்தேன். புது ப்ராஜெக்டோடு தானாக வரும் மாதிரிக் கோடை, அதாவது ஸ்டார்ட்டர் கோடை, துடைப்பதற்கென்றே என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கு) கிடைத்த ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவியை ஓட்டினேன். "முடிந்தது" என்று பச்சை எழுத்தில் சொன்னது. ஃபைல்களை அழித்திருந்தது, உண்மைதான். தலைப்பு இருக்கும் இன்டெக்ஸ் ஹெச்டிஎம்எல் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் டீமில் எல்லா வழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். எங்களுக்கு மாதத்துக்கு இரண்டு மூன்று புது ப்ராஜெக்ட் வரும். பாதி, ஆபீசுக்குள்ளேயே பயன்படும் சின்ன டூல்கள். எதை எப்போது எடுப்பேன், எதைத் தொடமாட்டேன் என்பது இப்போது ஓரளவு தெளிந்திருக்கிறது.

குப்பையிலும் ரகம் உண்டு

எந்த வழி என்று பார்ப்பதற்கு முன், துடைப்பது எதை என்று பார்த்துவிடலாம். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

புது வெப் ப்ராஜெக்டை உருவாக்கி, பில்ட் செய்து தரும் கருவியான வைட்டையே எடுத்துக்கொள்வோம். பெயர் பிரெஞ்சு, 'விரைவாக' என்று பொருள், உச்சரிப்பு 'வீட்'. நம் ஆட்கள் வாயில் அது வைட்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். திரைகளைக் கட்டும் நூலகமான ரியாக்ட்டுக்கு அது தரும் டெம்ப்ளேட் நெடுங்காலம் ஒரே உருவத்தில் வந்தது. எஸ்ஆர்சி ஃபோல்டரில் மெயின், ஆப் என்று இரண்டு ஜேஎஸ்எக்ஸ் ஃபைல்கள், ஆப் சிஎஸ்எஸ், இன்டெக்ஸ் சிஎஸ்எஸ், அசெட்ஸுக்குள் ரியாக்ட் லோகோ, பப்ளிக் ஃபோல்டரில் வைட் லோகோ. ஓட்டினால் திரையில் இரண்டு லோகோ, அதில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், கீழே அழுத்த அழுத்த எண் ஏறும் ஒரு பட்டன்.

இதில் பலரும் அவசரப்பட்டு அழிப்பது லோகோ ஃபைல்களை. உண்மையில் அவைதான் குறைந்த தொல்லை. எஸ்ஆர்சிக்குள் யாரும் இம்போர்ட் செய்யாத ஃபைல் பில்டுக்குள் போகவே போகாது. சும்மா ரெப்போவில் கிடக்கும், அவ்வளவுதான். பப்ளிக் ஃபோல்டர் கதை வேறு. அங்கே இருப்பது எதுவானாலும் கேள்வி கேட்காமல் அப்படியே டிஸ்ட் ஃபோல்டருக்குப் போய், அங்கிருந்து சர்வருக்கும் போய்விடும்.

உண்மையான தலைவலி சிஎஸ்எஸ்தான். அந்த டெம்ப்ளேட்டின் இன்டெக்ஸ் சிஎஸ்எஸ்ஸில் பாடிக்கு டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ், பிளேஸ் ஐட்டம்ஸ் சென்டர் என்று எழுதியிருக்கும். ஆப் சிஎஸ்எஸ்ஸில் ரூட் டிவ்வுக்கு அதிகபட்ச அகலம் 1280 பிக்சல், சுற்றிலும் 2 ரெம் பேடிங், எழுத்தெல்லாம் நடுவில். இரண்டு லோகோவை அழகாக நடுவில் நிறுத்துவதற்கு எழுதியது. அதே ஃபைலை வைத்துக்கொண்டு முழு அகல டேபிள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு மதியம் முழுக்க அந்த டேபிளோடு மல்லுக்கட்டினான். அகலம் நூறு சதவீதம், அப்புறம் நூறு வியூபோர்ட், அப்புறம் இம்பார்ட்டன்ட். கடைசியில் குற்றவாளி அவன் எழுதாத ஒரு ஃபைலில் இருந்தான். இன்டெக்ஸ் சிஎஸ்எஸ்ஸின் மேற்பக்கத்தில் கலர் ஸ்கீம் லைட், டார்க் இரண்டும் என்று ஒரு வரி வேறு உண்டு. அதனால் அவன் லேப்டாப்பில் கறுப்பாகத் தெரிந்த பக்கம் டெஸ்டர் மெஷினில் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு ஒரு பக் டிக்கெட் தனியாக.

அடுத்து, வெளியாட்கள் கண்ணில் படும் எழுத்து. ரியாக்ட் ப்ராஜெக்டை உருவாக்கித் தந்த பழைய கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப் போட்டுக்கொடுக்கும் மெட்டா டிஸ்கிரிப்ஷன், 'கிரியேட் ரியாக்ட் ஆப்பைக் கொண்டு உருவாக்கிய வெப்சைட்' என்கிற ஒரு ஆங்கில வரி. அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடிப் பாருங்கள், உயிரோடு இருக்கிற வியாபாரத் தளங்களே வரும். அதன் மேனிஃபெஸ்ட் ஃபைலில் குறும்பெயர் 'ரியாக்ட் ஆப்'. யாராவது உங்கள் தளத்தை போனின் ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தால் ஐகானுக்குக் கீழே அந்தப் பெயர்தான் வரும். ரியாக்ட் மேல் கட்டிய நெக்ஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் லேஅவுட் ஃபைலின் மெட்டாடேட்டாவில் 'கிரியேட் நெக்ஸ்ட் ஆப்' என்ற தலைப்பு. எல்லாம் ஒரே குடும்பம்.

கடைசியாக டெஸ்டுகள். இவையும் ஸ்டார்ட்டர் கோட்தான் என்பது பலருக்கும் உறைப்பதில்லை. கிரியேட் ரியாக்ட் ஆப்பின் ஆப் டெஸ்ட், திரையில் 'லேர்ன் ரியாக்ட்' என்ற எழுத்து இருக்கிறதா என்று தேடும். ஆங்குலர் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கின் ஸ்பெக் ஃபைல் (டெஸ்ட் ஃபைல்தான்), தலைப்பில் ஹலோவும் ப்ராஜெக்ட் பெயரும் இருக்கிறதா என்று பார்க்கும். திரையைத் துடைத்துவிட்டு டெஸ்டை விட்டுவிட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ முதல் நாளே சிவப்பாகும். முதல் நாள் சிவப்பைப் பார்த்துப் பழகிய டீம் அப்புறம் எந்தச் சிவப்பையும் கண்டுகொள்வதில்லை; இது நான் கண்கூடாகப் பார்த்தது.

ஆக, ஃபைலை அழிப்பது இந்த வேலையில் சின்னப் பங்கு. மீதி எல்லாம் ஃபைலுக்குள்ளே இருக்கும் வரிகளை மாற்றும் வேலை. எந்த வழியையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

கையால் அழிப்பது

ஒரு ப்ராஜெக்டுக்கு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வருஷத்துக்கு இரண்டு ப்ராஜெக்ட் தொடங்குகிறவருக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமே இல்லை. கற்றுக்கொள்கிறவர்களையும் நான் முதல் நாலைந்து தடவை கையால்தான் செய்யச் சொல்வேன். எந்த ஃபைல் எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும்.

வரிசை மட்டும் முக்கியம். முதலில் இம்போர்ட் வரியை எடுக்க வேண்டும், அப்புறம் ஃபைல். தலைகீழாகச் செய்தால் வைட் திரை முழுக்க ஒரு கறுப்புப் பெட்டியைப் போட்டு, ஆப் சிஎஸ்எஸ்ஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அந்த ஃபைல் இருக்கிறதா என்று கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முதல் தடவை பார்ப்பவர் ப்ராஜெக்டே போச்சு என்று நினைத்துவிடுவார்.

ஆங்குலரில் ஒரு பொறி உண்டு. அதன் தொடக்கத் திரையின் ஹெச்டிஎம்எல் நீளமானது, ஸ்டைலும் எஸ்விஜியும் அதற்குள்ளேயே. மேலேயும் கீழேயும் 'இது இடத்தை நிரப்ப வைத்தது, அழிக்கலாம்' என்று கமென்ட் போட்டிருப்பார்கள். அந்தக் கமென்டுக்கும் கீழே, கடைசி வரியில், முகவரிக்கேற்ற பக்கத்தைத் திரையில் காட்டும் ரவுட்டர் அவுட்லெட் டேக் தனியாக இருக்கும். எல்லோரும் செய்வது கன்ட்ரோல் ஏ, டெலீட். அதோடு அந்த டேகும் போய்விடும். அப்புறம் ரவுட் எழுதுவார்கள், லிங்க் அழுத்துவார்கள், மேலே முகவரி மாறும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. எரரும் வராது. களை எடுக்கப் போய்ப் பயிரைப் பிடுங்கிய கதை.

காலியாகவே தொடங்குவது

துடைக்க வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்ளும் வழி இது. இருக்கிற இடத்தில் எல்லாம் என் முதல் தேர்வும் இதுதான். ஆனால் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டெர்மினல் கேட்கும் கேள்விகளுக்கு என்டர் என்டர் என்று தட்டிவிட்டுப் போய்விடுவோம், ஹெல்ப் போட்டுப் பார்ப்பதில்லை.

கிரியேட் நெக்ஸ்ட் ஆப்புக்கு, இரண்டு கோடு போட்டு எம்ப்டி என்று ஒரு ஃபிளாக் கொடுத்தால் ஹலோ வேர்ல்ட் அளவில் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். வியூ ஃபிரேம்வொர்க்கில் கிரியேட் வியூவுக்கு 'பேர்' (bare, வெறுமையானது) என்ற ஃபிளாக். அண்மைப் பதிப்புகளில், மாதிரிக் கோட் எதுவும் இல்லாமல் தொடங்கவா என்று அதுவே கேள்வியாகக் கேட்கிறது. இது இல்லாவிட்டால் வியூவில் ஹலோ வேர்ல்ட், தி வெல்கம், வெல்கம் ஐட்டம், ஐகான்ஸ் ஃபோல்டர் என்று ஒரு ஊர்வலமே வரும். ஸ்வெல்ட்கிட்டில் மினிமல், டெமோ என்று டெம்ப்ளேட்டே தனித்தனி. டெமோவைத் தேர்ந்தெடுத்தால் 'ஸ்வெர்டில்' என்று ஒரு சொல் விளையாட்டு உள்ளே இருக்கும். விளையாட நன்றாகத்தான் இருக்கிறது, அலுவலக ப்ராஜெக்டில் அதற்கு என்ன வேலை? ரெயில்ஸிலும் 6.1 பதிப்பிலிருந்து மினிமல் உண்டு, ஆனால் அது குறைப்பது ஆக்‌ஷன் மெயிலர் போன்ற உள்ளுறுப்புகளை. வரவேற்புத் திரையைப் பற்றியது அல்ல.

ஆங்குலரின் மினிமலும் இதே மாதிரி ஏமாற்றும் பெயர். அது எடுத்துவிடுவது டெஸ்டிங் ஏற்பாட்டை. கற்றுக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் ப்ராஜெக்டை அதில் தொடங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து டெஸ்ட் எழுத உட்காரும்போது அழ வேண்டியதுதான். ஃபிளாக்கின் பெயரை நம்பாமல், அது எதை விடுகிறது என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த வழியின் குறை, எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதுதான். எங்கள் வேலையில் பெரும்பங்கு வைட்டும் ரியாக்ட்டும். அங்கே நான் பயன்படுத்திய பதிப்புகள் எதிலும் இப்படி ஒரு ஃபிளாக் இல்லை.

துடைக்கும் கருவிகள்

அந்த இடைவெளியில்தான் என்பிஎக்ஸ் (என்பிஎம் பேக்கேஜை இறக்கி உடனே ஓட்டும் கட்டளை) கருவிகள் வந்து நிற்கின்றன. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ஒரு வரி தட்டினால் லோகோ, மாதிரிச் சிஎஸ்எஸ், டெஸ்ட் எல்லாம் போய்விடும் என்று சொல்லிக்கொள்பவை. தனி ஆட்கள் தங்கள் தேவைக்கு எழுதிப் பொதுவில் போட்டவை பெரும்பாலும். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று விஷயம் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று, வயசு. இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஃபைல் பெயர்ப் பட்டியலை உள்ளேயே எழுதி வைத்திருக்கும். டெம்ப்ளேட்டுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆங்குலர் 2025 மே மாதம் 20-ஆம் பதிப்பை வெளியிட்டபோது ஆப் காம்பொனென்ட் டிஎஸ் என்ற பெயர் வெறும் ஆப் டிஎஸ் ஆகிவிட்டது. பட்டியலை வைத்துக்கொண்டிருக்கும் கருவி அங்கே போய்த் தேடினால் எதுவுமே கிடைக்காது. நெக்ஸ்ட்டின் பப்ளிக் ஃபோல்டரில் இரண்டு எஸ்விஜி இருந்தது ஐந்தானது. இந்த மாதிரிக் கருவிகளில் ஏராளமானவை எழுதப்பட்டது கிரியேட் ரியாக்ட் ஆப்புக்காக. 2016-இல் வந்த அதை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் டீமே கைவிட்டுவிட்டது. அந்தக் கருவிகள் இன்னும் என்பிஎம்மில் கிடைக்கின்றன, தேடினால் முதலில் வருவதும் அவைதான்.

இரண்டு, நம்பிக்கை. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய, ஃபைல்களை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிரலை, இணையத்திலிருந்து இறக்கி அந்த நொடியே ஓட்டுகிறோம். 2018-இல் ஈவன்ட் ஸ்ட்ரீம் என்ற பெயர்பெற்ற பேக்கேஜைப் புதிதாகப் பராமரிக்க வந்தவர், பிட்காயின் வாலட் ஒன்றைக் குறிவைத்த கோடை உள்ளே நுழைத்தார். 2025 செப்டம்பரில் தன்னைத்தானே பரப்பிக்கொள்ளும் புழு ஒன்று நூற்றுக்கணக்கான என்பிஎம் பேக்கேஜ்களில் புகுந்து டோக்கன்களைத் திருடியது. லட்சக்கணக்கான பேர் கண்ணில் படும் பேக்கேஜ்களுக்கே இந்த நிலை. வாரத்துக்குப் பத்துப் பேர் இறக்கும் துடைக்கும் கருவியை யார் கவனிக்கப் போகிறார்கள்? என்பிஎம் 7-ஆம் பதிப்பிலிருந்து, புது பேக்கேஜ் என்றால் என்பிஎக்ஸ் ஒரு தடவை 'நிறுவலாமா' என்று கேட்கிறது. நாமோ பேக்கேஜ் பெயரில் ஒரு எழுத்து தப்பாகத் தட்டியிருந்தாலும் பார்க்காமல் ஒய் போடுகிறவர்கள்.

மூன்றாவது, எனக்கு நேர்ந்தது. இரண்டு டெர்மினல் திறந்து வைத்திருந்தேன். ஒன்று புது ப்ராஜெக்டில், இன்னொன்று மூன்று நாளாக எழுதிக்கொண்டிருந்த ப்ராஜெக்டில். தப்பான டெர்மினலில் கருவியைத் தட்டிவிட்டேன். அது எதையும் கேட்கவில்லை. ஆப் சிஎஸ்எஸ்ஸை அழித்து, ஆப் ஜேஎஸ்எக்ஸை ஒரு காலி டிவ்வாக மாற்றிவிட்டு அதே பச்சை எழுத்தில் "முடிந்தது" என்றது. கோடின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் இருக்குமே என்று பார்த்தால், இல்லை. கிரியேட் ரியாக்ட் ஆப்பும் நெக்ஸ்ட்டும் ஆங்குலரும் ப்ராஜெக்டை உருவாக்கும்போதே கிட் தொடங்கி முதல் கமிட்டும் போட்டுவிடும். வைட் போடாது, கிட் இக்னோர் ஃபைலை மட்டும் வைத்துவிட்டு மீதியை நம்மிடம் விட்டுவிடும். நான் மூன்று நாளாக கிட் இனிட் கூடப் போடவில்லை. விஎஸ் கோடின் டைம்லைனில் பழைய பிரதி இருந்ததால் முக்கால்வாசி பிழைத்தது. தப்பு என் மேல்தான், ஆனால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நடந்திருக்காது.

இப்படிப்பட்ட கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி, ரியாக்ட் வழியில் மொபைல் ஆப் செய்ய உதவும் எக்ஸ்போவில் இருக்கிறது. அதன் தொடக்க ப்ராஜெக்டிலேயே ரீசெட் ப்ராஜெக்ட் என்று ஒரு ஸ்கிரிப்ட் கூடவே வரும். ஓட்டினால், இருக்கும் ஃபைல்களை ஆப் எக்ஸாம்பிள் என்ற ஃபோல்டருக்கு நகர்த்தவா, அழிக்கவா என்று முதலில் கேட்கும். என்டர் தட்டினால் நகர்த்தும், அழிக்காது. அப்புறம் காலியான ஆப் ஃபோல்டரைப் போட்டு, ஒரு இன்டெக்ஸ், ஒரு லேஅவுட் மட்டும் வைக்கும். வேலை முடிந்ததும் அந்த ஸ்கிரிப்டையே அழித்துவிடலாம். டெம்ப்ளேட்டை எழுதியவர்களே துடைப்பத்தையும் கொடுப்பதால் இரண்டும் சேர்ந்தே மாறும், வயசுப் பிரச்சினை கிடையாது. எக்ஸ்போவில் வேலை செய்கிறவர்கள் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிட் கிளீன் என்ற கட்டளையின் பெயரைப் பார்த்து, இதுவும் இந்த வேலைக்குத்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஸ்டார்ட்டர் கோட் எது என்று தெரியாது. கிட்டில் இன்னும் சேர்க்காத ஃபைல்களை அழிக்கும், அவ்வளவுதான். எக்ஸ் ஃபிளாகும் சேர்ந்துவிட்டால் கிட் இக்னோரில் இருப்பதையும் அள்ளிக்கொண்டு போகும். அதில் உங்கள் பாஸ்வேர்டெல்லாம் இருக்கும் என்வ் ஃபைலும் அடக்கம். 'என்' (-n) ஃபிளாக் போட்டு, எதை அழிக்கப் போகிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

சொந்தமாக ஒரு ஸ்கிரிப்ட்

மேற்சொன்ன கூத்துக்கு அப்புறம் எங்கள் டீமுக்கென்று ஒன்று எழுதினேன். முதல் வடிவம் பாஷ். என் லினக்ஸில் ஓடியது. மேக் வைத்திருந்தவர் ஓட்டினால், ஃபைலுக்குள் எழுத்தை மாற்றும் செட் (sed) கட்டளை முறைத்தது: அங்கே ஐ ஃபிளாகுக்குப் பின்னால் பேக்கப் பெயர் ஒன்று, காலியாகவாவது, கொடுத்தே ஆக வேண்டும். விண்டோஸ்காரர் பவர்ஷெல்லில் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் தட்டினால், அப்படி ஒரு ஃபிளாக் எனக்குத் தெரியாது என்றது. சரி என்று, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடிலேயே மாற்றி எழுதினேன். ரியாக்ட் ப்ராஜெக்ட் இருக்கும் மெஷினில் நோட் எப்படியும் இருக்கும், வெளி பேக்கேஜ் எதுவும் வேண்டாம்.

இப்போது அது செய்வது இவ்வளவுதான். முதலில் கிட் ஸ்டேட்டஸைப் பார்க்கும். கிட் இல்லை என்றாலோ, கமிட் ஆகாத மாற்றம் இருந்தாலோ நின்றுவிடும். டெம்ப்ளேட்டை அப்படியே முதல் கமிட்டாகப் போட்டுவிட்டு வா என்று சொல்லும். இந்த ஒரு கட்டுப்பாட்டுக்காகவே எழுதியது வீண்போகவில்லை.

அடுத்து, அழிக்கப்போகும் ஒவ்வொரு ஃபைலையும் டெம்ப்ளேட்டின் மூல ஃபைலோடு ஒப்பிடும். ஒவ்வொன்றின் எஸ்ஹெச்ஏ 256 கைரேகை ஸ்கிரிப்டுக்குள் இருக்கிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தொடாது. 'இதில் உன் கை பட்டிருக்கிறது, நீயே பார்த்துக்கொள்' என்று பெயரை மட்டும் எழுதிக் காட்டும். தப்பான ஃபோல்டரில் ஓட்டினாலும் நஷ்டம் இல்லை. வைட் டெம்ப்ளேட் மாறிப்போனாலும், தப்பாக எதையாவது அழிப்பதற்குப் பதில் எதையும் அழிக்காமல் நிற்கும். கைரேகையைப் புதுப்பிக்க ஐந்து நிமிஷம்.

இதனால் இன்னொரு சௌகரியமும் கிடைத்தது. நிறையக் கருவிகள் ஆப் ஜேஎஸ்எக்ஸுக்குள் போய் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) வைத்து இம்போர்ட் வரியைத் தேடிப் பிடுங்கும். மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா, அரைப்புள்ளி உண்டா இல்லையா என்பதிலேயே அது தடுமாறிவிடும். ஃபைல் மூலத்தோடு அச்சாக ஒத்துப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. முழு ஃபைலையும் புதிதாக எழுதிவிடலாம்.

ஒரு இடத்தில் சறுக்கினேன். விண்டோஸில் குளோன் செய்த ப்ராஜெக்டில் ஓட்டியபோது, எல்லா ஃபைலிலும் கை பட்டிருக்கிறது என்றது. யாரும் தொடவில்லை. கிட்டின் ஆட்டோ சிஆர்எல்எஃப் அமைப்பு, வரி முடிவுகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றிவிட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு எழுத்து கைரேகையை மாற்றிவிட்டது. வரி முடிவை ஒரே பாணிக்குக் கொண்டுவந்துவிட்டு கைரேகை எடு என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

கடைசியாக மூன்று கேள்வி கேட்கும்: தலைப்பு என்ன, விவரம் என்ன, பக்கம் எந்த மொழி. காலியாக விட்டால் மறுபடி கேட்கும். மூன்றாவது கேள்வியைத் தமிழில் தளம் செய்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அநேகமாக எல்லா டெம்ப்ளேட்டிலும் ஹெச்டிஎம்எல் டேகில் மொழி ஆங்கிலம் என்றுதான் எழுதியிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே தமிழில் எழுதினால், ஸ்கிரீன் ரீடர் அதை ஆங்கிலப் பக்கமாக எடுத்துக்கொண்டு ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும். பார்வையற்ற ஒருவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே புரியாது. நான் பார்த்த துடைக்கும் கருவி எதுவும் இந்த வரியைத் தொட்டதில்லை.

சொந்த டெம்ப்ளேட்

சுத்தமான ப்ராஜெக்ட் ஒன்றைச் செய்து ரெப்போவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதையே நகலெடுப்பது இன்னொரு வழி. கிட்ஹப்பில் 2019-இலிருந்தே ஒரு ரெப்போவை டெம்ப்ளேட் என்று குறித்துவிடலாம். டெர்மினலிலேயே முடிக்க வேண்டும் என்றால் டீகிட். பழைய கமிட் வரலாறு இல்லாமல் ஃபைல்களை மட்டும் இறக்கித் தரும். லின்ட் விதிகள், ஃபோல்டர் அமைப்பு, லாகின் திரை, தமிழ் ஃபாண்ட் என்று நம் வழக்கப்படியான எல்லாம் முதல் நிமிஷத்திலேயே இருக்கும். ஒரே மாதிரி ப்ராஜெக்டுகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்துக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை.

ஆனால் இது வளர்க்க வேண்டிய பிராணி. வைட் 5 வந்தது 2023 நவம்பரில், 6 அடுத்த நவம்பரில், 7 அதற்கடுத்த ஜூனில். நடுவில் 2024 டிசம்பரில் ரியாக்ட் 19. டெம்ப்ளேட்டை ஒரு வருஷம் தொடாமல் விட்டால், புது ப்ராஜெக்ட் பிறக்கும்போதே பழசாகப் பிறக்கும். எங்களிடம் அப்படித்தான் ஆனது. எழுதியவர் வேறு டீமுக்குப் போனார், யாரும் பொறுப்பெடுக்கவில்லை. எட்டு மாதத்தில் அந்த டெம்ப்ளேட்டைச் சரிசெய்வது, புதிதாக வைட் போட்டுத் துடைப்பதைவிட நீண்ட வேலையாகிவிட்டது. ஒருத்தர் பெயரில் பொறுப்பு எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேக்கேஜ்களைப் புதுப்பிக்க முடியும் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

எடிட்டருக்குள் இருக்கும் ஏஐயிடம் சொல்வதும் ஒரு வழியாகிவிட்டது. துடைக்கும், நன்றாகவே துடைக்கும். ஆனால் கேட்காமல் ஒரு நாவ்பாரும் ஃபூட்டரும் கட்டிவைத்துவிடும். டிஃப் (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியல்) பார்த்து கமிட் போடுகிறவருக்கு ஒத்துவரும்.

சரி, எதை எடுப்பது?

நெக்ஸ்ட், வியூ, ஸ்வெல்ட்கிட் என்றால் யோசிக்காமல் காலித் தொடக்கம். எக்ஸ்போ என்றால் அதன் ரீசெட். ஆங்குலர் என்றால் கையால், அந்த ரவுட்டர் அவுட்லெட்டை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு. ஸ்பெக் ஃபைலையும் அதே கையோடு திருத்திவிட வேண்டும். வைட்டும் ரியாக்ட்டும் என்றால் எண்ணிக்கையைப் பாருங்கள். எப்போதாவது ஒன்று என்றால் கை போதும். மாதத்துக்கு ஒன்றிரண்டு என்றால் சொந்த ஸ்கிரிப்ட். ஒரே அச்சில் வாரம் ஒன்று வார்க்கிறீர்கள் என்றால் சொந்த டெம்ப்ளேட், அதுவும் பொறுப்பான ஆள் இருந்தால்.

வெளியார் எழுதிய துடைக்கும் கருவியை எடுத்தே தீர வேண்டும் என்றால், ஓட்டுவதற்கு முன் அதன் சோர்ஸைத் திறந்து படியுங்கள். பெரும்பாலும் நூறு வரிகூட இருக்காது, ஒரு டீ குடிக்கும் நேரம். அழிப்பதற்கு முன் கேட்கிறதா, ஒத்திகை பார்க்க ஃபிளாக் இருக்கிறதா, கடைசி வெளியீடு எப்போது என்று பாருங்கள். படித்து முடித்தபோது, இதை நானே எழுதியிருக்கலாமே என்று தோன்றினால், தோன்றும், எழுதிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் துடைத்து முடித்தபின் நான் ஓட்டுவது க்னிப். டச்சு மொழியில் 'வெட்டு' என்று பொருளாம். யாரும் இம்போர்ட் செய்யாத ஃபைல், யாரும் பயன்படுத்தாத பேக்கேஜ் எல்லாவற்றையும் பட்டியலிடும். ஸ்டார்ட்டர் மிச்சம் எஸ்ஆர்சியில் எங்காவது ஒளிந்திருந்தால் அதில் வந்துவிடும். தலைப்பும் ஃபேவிகானும் அதில் வராது. அதற்கு நான் பப்ளிக் ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பார்க்கிறேன், தளத்தை பிரவுசரில் திறந்து டேபை ஒரு தடவை பார்க்கிறேன், வாட்ஸ்ஆப்பில் எனக்கே லிங்கை அனுப்பி முன்னோட்டத்தில் என்ன வருகிறது என்று பார்க்கிறேன். போன வாரம் ஒரு ப்ராஜெக்டில் எல்லாம் முடிந்தது என்று லிங்கை அனுப்பினேன். முன்னோட்டத்தில் தலைப்பு சரியாக வந்தது. ரீட்மீ ஃபைலின் முதல் வரியில் இன்னும் 'ரியாக்ட் பிளஸ் வைட்' என்று இருப்பதை இன்று காலை வாடிக்கையாளரின் டெவலப்பர்தான் சொன்னார். ஸ்கிரிப்டில் நாலாவது கேள்வியைச் சேர்க்க வேண்டும்.